மறுபடியும் மேடத்தின் வலது கால்

என் மனைவி இருபத்தாறு வருடம் டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அதிகாரியாக இருந்தாள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மீதிப் பேர் வண்டி ஆசையையே விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறார்கள்.

யாரையும் திட்ட மாட்டாள். டெஸ்ட் முடிந்ததும் பேனாவை மூடுவாள், பெல்ட்டைக் கழற்றுவாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் "மறுபடியும் வாங்க" என்பாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஜனங்கள் மன்னித்திருப்பார்கள். அந்த மரியாதையைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. அதனால் ஊர் அவளுக்கு மறுபடியும் மேடம் என்று பெயர் வைத்தது.

நானும் அவளிடம் மூன்று முறை தோற்றவன்தான். நான்காவது முறை லைசென்ஸ் கேட்காமல் கல்யாணம் கேட்டேன். அதற்கும் "யோசிச்சுட்டு மறுபடியும் வாங்க" என்றுதான் சொன்னாள். சொந்தப் புருஷனுக்கு டெஸ்ட் எடுக்கக்கூடாது என்று ஆபீஸில் விதி. ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு வேறொரு அதிகாரி என்னை நாலே நிமிடத்தில் பாஸ் போட்டு அனுப்பினார். அந்த லைசென்ஸை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவாள். டெஸ்ட் வண்டியில் அதிகாரி பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது யாருடைய குறை என்று சொந்தக்காரர்கள் பதினைந்து வருடம் ஆராய்ச்சி செய்து, முடிவு தெரியாமலே ஓய்ந்தார்கள். நான் அவள் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவள் ஃபெயில் போடப் போட, அவர்கள் மறுபடி விண்ணப்பம் போட, என் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுச் சேர்ந்து ஊரைக் கொள்ளையடிக்கிறோம் என்று மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம்கூடப் போனது. அதற்கும் என் கடையில்தான் நகல் எடுத்திருந்தார்கள். தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முதலில் போனது இடது கை. பிடித்திருந்த ஃபைல் நழுவி நழுவி விழுந்தது. பிறகு நாக்கு குழறத் தொடங்கியது. வலது பக்கம் திருப்பச் சொன்னது விளங்காமல் ஒருவன் நேராகப் போய் ஃபெயில் ஆனான். வெளியே வந்த சூட்டோடு சூடாக, "மேடம் காலையிலேயே போட்டுட்டு வர்றாங்கப்பா" என்று கொளுத்திப் போட்டான். இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவள் அவள். ஆபீஸில் கூப்பிட்டு ஊதச் சொன்னார்கள். ஊதினாள். ஊதும் குழாயை உதட்டால் கவ்வ முடியாமல் எச்சில் வழிந்ததை அங்கேதான் முதன்முதலில் கவனித்தாள்.

மூன்று டாக்டர், எட்டு மாதம். கடைசி டாக்டர் ஏ.எல்.எஸ். என்று மூன்று எழுத்துச் சொன்னார். தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அவளுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும், கண்ணும் கடைசிவரை கைகொடுக்கும் என்றார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது.

அவள் குழறிக் குழறிக் கேட்டாள். "அப்ப என்னை மறுபடியும் வாங்கன்னு சொல்ல மாட்டீங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே வந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் குமுறிக் குமுறி அழுதேன். அவள் என் தோளைத் தட்டினாள். ஆறுதல் என்று நினைத்துத் திரும்பினால், நான் வண்டியைக் கோட்டின்மேல் நிறுத்தியிருப்பதைக் காட்டுகிறாள்.

அன்றைக்கே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். மூச்சு நிற்கும் கட்டம் வரும்போது தொண்டையில் ஓட்டை போட்டு, குழாய் செருகி, மிஷினை மூச்சு விட வைக்கக்கூடாது. முகத்தில் மாட்டி, சின்ன மிஷினால் காற்று தள்ளும் மாஸ்க் வரைக்கும் சரி. அதற்குமேல் வேண்டாம். "அசையாம, பேசாம, வருஷக்கணக்கா மிஷின்ல கிடக்க என்னால முடியாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். வாய்தான் பண்ணியது. மனசுக்குள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கள்ளக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பிறகு உச்சுக்கொட்டும் கூட்டம் வரத் தொடங்கியது. அடேயப்பா, என்ன கூட்டம்! அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் கத்திப் பேசினார்கள். அல்லது அவள் எதிரிலேயே என்னிடம், "சாப்பிடுறாங்களா? நம்மளை அடையாளம் தெரியுதா?" என்று விசாரித்தார்கள். ஒருவர் மூலிகை எண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் பாதத்தில் ஒட்டும் காந்தம் கொண்டுவந்தார். தூக்கி உட்கார வைக்க இரண்டு கை கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் போகும்போது மறக்காமல், "ரொம்பத் தைரியசாலிங்க உங்க வீட்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுடைய பெரியண்ணன், என் மச்சான், இந்தக் கூட்டத்துக்கே தலைவர். தூரத்து ஊரில் கம்பெனி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை வந்து மூன்று நாள் தங்கி, எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டுப் போவார். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இந்த நோயில் சிலருக்குச் சிரிப்பும் அழுகையும் சொன்ன பேச்சுக் கேட்காது, சம்பந்தமில்லாமல் பொங்கும். மச்சான் ஒருநாள் அவள் கையைப் பிடித்து, கண்ணில் நீர் தளும்ப, "பாப்பா, உன்னை நாங்க விட்டுட மாட்டோம்" என்று சொன்னபோது அவள் குபீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். பத்து நிமிடம் நிற்கவில்லை. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. நோய் செய்த வேலை என்று விளக்கினேன். முழுக்க நோய் செய்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பேச்சு நின்று, காலும் நிற்காமல் போன பிறகுதான் என் பவிசு வெளியே தெரிந்தது. குளியலறையில் அவளைத் தூக்கப்போய் இருவரும் சேர்ந்து விழுந்தோம். என் முதுகு பிடித்துக்கொண்டது. அவள் என்மேல், நான் ஈரத்தரையில். முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம். போன் ஹாலில் இருந்தது. அன்றைக்குக் கடை திறக்காததால் தன் விண்ணப்பத்தாள்களை வாங்க வீட்டுக்கே திட்டிக்கொண்டு வந்தார் டிரைவிங் ஸ்கூல்காரர். நான் போட்ட சத்தத்தில் பின்கதவு வழியாக உள்ளே ஓடிவந்தார்.

இந்த மனிதர் அவளுக்கு இருபது வருட எதிரி. இவர் கூட்டிவரும் பத்துப் பேரில் ஏழு பேரை அவள் திருப்பி அனுப்புவாள். இவரே தன் கனரக வண்டி லைசென்ஸுக்கு அவளிடம் மூன்று முறை தோற்றவர். அவளை அலுங்காமல் நாற்காலியில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது? மூட்டை தூக்குற மாதிரியா ஒரு ஆளைத் தூக்குவாங்க? பார்க்காம, சொல்லாம, சிக்னல் போடாம?"

என் மனைவி புருவத்தை உயர்த்தினாள். இருபது வருடத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையை அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "மேடம் ஃபெயில் போட்டுப் போட்டுத்தான் சார் நான் மாடி கட்டினேன். ஒருத்தன் தோத்தா இன்னும் பத்து கிளாஸ் என்கிட்டதானே வரணும்?" என்றார். வந்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் தோற்றவர்கள். ஒரே தடவையில் பாஸானவன் எவனும் எட்டிப் பார்க்கவில்லை. தலைக்குக் குளிப்பாட்ட வந்த பார்லர்க்காரம்மா ஆறு தடவை தோற்றவர். "ஆறு தடவை என்னை அழ வெச்சு அனுப்பினாங்க. இப்ப அவங்க தலை என் கையில. விடுவேனா?" என்று சொல்லிக்கொண்டே வெந்நீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

ஸ்கூல்காரர் எங்கள் படுக்கையறையில் வகுப்பே எடுத்தார். முதலில் பார், பிறகு அவளிடம் சொல், பிறகுதான் நகர்த்து. வண்டிக்குச் சொல்லும் அதே வரிசை. நான் பழைய டெஸ்ட் தாளைப் போலவே ஒன்று அடித்து நகலெடுத்தேன். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுதல், புரட்டிப் படுக்க வைத்தல், மாஸ்க் மாட்டுதல். சின்னத் தப்பு ஒரு கட்டம், பெரிய தப்பு ஒரு கட்டம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நான் கட்டங்களைச் சுட்டிக்காட்ட, அவள் புருவத்தால் மதிப்பெண் போடுவாள். உதவிக்கு வந்த தபால்காரர் சொல்லாமல் போர்வையை இழுத்தார், ஃபெயில். பார்லர்க்காரம்மா இரண்டாவது வாரமே பாஸானார். அன்றைக்கு அந்த அம்மா தெருவே கேட்கும்படி போனில் தன் தங்கையிடம் பெருமையடித்தார். நான் ஐந்து மாதம் ஃபெயில். அவசரக் குடுக்கை என்று பெயர் வேறு.

வாரம் இருமுறை ஹாஸ்பிஸிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். குணமாகாத நோயாளிகளுக்கு வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. வீட்டுக்கும் வருவார்கள், முடியாத கட்டத்தில் அங்கேயே படுக்கையும் உண்டு. ஹாஸ்பிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். "கட்டினவளைக் கொண்டுபோய் அங்க தள்ளப்போறீங்களா?" என்று கேட்டவர்களில் ஒருவரும் அதற்கு முந்தைய மாதம் எங்கள் வாசலை மிதித்தவர் இல்லை.

நர்ஸ் சின்ன வயசுக்காரி. வாய் மட்டும் சின்னதில்லை. "எங்க இடத்தை ஒரு தடவை வந்து பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று என் மனைவியிடமே சொன்னாள், என்னிடம் அல்ல. ஸ்கூல்காரர் தன் வேனில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கைகளைக் கழற்றி, சக்கர நாற்காலி ஏறும்படி பலகை வைத்திருந்தார். போனோம். எல்லாரும் கண்ணைக் கசக்கத் தயாராக இருக்க, என் மனைவி வாசலிலேயே நாற்காலியை நிறுத்தவைத்து, சரிவுப் பாதையைப் பார்த்துக் கண்ணை இறுக மூடினாள். புருவம் உயர்ந்தால் சரி, கண்ணை இறுக மூடினால் கூடாது. நர்ஸ் டேப் கொண்டுவந்து அளந்தாள். ஏற்றம் அதிகம்தான். மூன்று வாரத்தில் இடித்துக் கட்டினார்கள். சாகப்போகிற இடத்துக்கும் ஃபெயில் போட்ட ஆள் உலகத்திலேயே என் பெண்டாட்டி ஒருத்திதான்.

எழுத்துப் பலகையைக் கொடுத்ததும் அந்த நர்ஸ்தான். அ முதல் ஔ வரை, க முதல் ன வரை, எண்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் அட்டை. நான் விரலை நகர்த்துவேன், சரியான எழுத்தில் புருவம் உயரும். புள்ளி, கொம்பு எல்லாம் நாமே போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம். அந்தப் பலகையில்தான் மூன்று காலைநேரம் செலவழித்து, டாக்டரும் நர்ஸும் முன்னால் இருக்க, தொண்டைக் குழாய் வேண்டாம், கடைசியில் ஹாஸ்பிஸ் போதும் என்று சொல்லி முடித்தாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்காரன் அல்லவா, நாற்பது நகல் எடுத்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, வேனில் ஒன்று, என் பையில் ஒன்று, மச்சானுக்குத் தபாலில் ஒன்று. அவர் போன் பண்ணினார். "படிச்சேன் மாப்ளே. அது பாப்பா மனசு ஒடிஞ்சுபோயி எழுதினது. அதையெல்லாம் பெரிசா எடுத்துக்கக் கூடாது." நான் அவரை மறுத்துப் பேசியிருக்க வேண்டும். உம் கொட்டினேன். ஏனென்றால் அவர் சொன்னதைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது.

இதற்குள் அவள் உடம்பில் மிச்சமிருந்தது கண், புருவம், வலது கால். மற்ற எல்லாத் தசையும் ராஜினாமா செய்துவிட்டுப் போன பிறகும் அந்தப் பிரேக் கால் மட்டும் விறைப்பாக வேலைக்கு வந்துகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு உதை உதைக்கும் அளவுக்கு.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அது வந்தது. இரண்டு நாளாகச் சளி. மாஸ்க் போட்டும் மூச்சு இழுபறியாகி, உதடு சாம்பல் நிறமாகி, கண் அகல விரிந்தது. அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. மூச்சுத்திணறல் வந்தால் முதலில் நர்ஸுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நம்பர் ஃபிரிட்ஜில் என் கையாலேயே ஒட்டியிருந்தேன். அந்த ஃபிரிட்ஜைத் தாண்டி இரண்டு முறை ஓடினேன். மச்சான் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

"என்ன மாப்ளே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், வண்டியை எடுக்கச் சொல்லுங்க!"

தன் முறைக்கு வந்திருந்த ஸ்கூல்காரர் என் முகத்தைப் பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கா சார்?" என்று அழுத்திக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

சொன்னது நான்தான். மச்சான்மேல் பழி போட்டுக் கதையை முடித்துவிடலாம், ஆனால் சொன்னது நான். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் வேலையே குழாய் செருகுவதுதான், பிறகு அது தொண்டை ஓட்டையில் போய் நிற்கும் என்று டாக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் சொன்னேன். நாற்பது நகல் எடுத்த கை, ஒன்றைக்கூட எடுத்து நீட்டவில்லை.

வேனில் ஏற்றினோம். அவள் நாற்காலி ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால். பக்கத்தில் நான், மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு. முன்னால் மச்சான், பெல்ட் போடாமல், போனில் யாரிடமோ படுக்கை ஏற்பாடு செய்யச் சொல்லிக் கத்திக்கொண்டு. அவள் என்னையே பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் மாஸ்க் மிஷினின் எண்களைப் பார்த்தேன். "ஒண்ணும் ஆகாதுடி, ஒண்ணும் ஆகாது" என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டு வந்தேன்.

டெஸ்டில் ஒரு கட்டம் உண்டு. வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் ஃபைலால் முன்பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். தட்டினால் யோசிக்கக்கூடாது. அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். அவளிடம் முக்கால்வாசிப் பேர் தோற்றது அதில்தான். ஸ்கூல்காரர் மூன்று முறை தோற்றதும் அதில்தான். அதன்பிறகு இருபது வருடமாகத் தன் மாணவர்களுக்கு, "டப்புன்னு கேட்டா மூளையைக் கேக்காதே, மிதி" என்று பாடம் நடத்துகிறவர்.

கடைத்தெருவைத் தாண்டும்போது அவள் வலது கால் எழும்பி, முன்னிருக்கையின் இரும்புச் சட்டத்தில் ஒரே ஒரு உதை விட்டது.

டப்.

வேன் கிறீச்சென்று நின்றது. மச்சானின் நெற்றி முன்பலகையில் மோதியது. போன் எங்கேயோ பறந்தது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்து ஹாரன் அடித்தன. ஸ்கூல்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"மேடம்தானே தட்டினது?" என்றார் திரும்பாமலே.

"கால் தானா துடிச்சிருக்கும், நீங்க வண்டியை எடுங்க!" என்று மச்சான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"இருங்க சார். நான் உங்களைக் கேக்கலை." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நேரா போனா பெரிய ஆஸ்பத்திரி. இப்படி லெஃப்ட்ல போனா அவங்க சொன்ன இடம். நீங்க சொல்லுங்க சார். ஆனா முதல்ல அவங்களைப் பாருங்க."

பார்த்தேன். வேறு வழியில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்த நிலையிலும் அவள் கண் தெளிவாக இருந்தது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டேன். பச்சைப் பிள்ளை மருந்தைக் குடிக்காமல் அடம்பிடிப்பதுபோல் கண்ணை இறுக மூடினாள். "ஹாஸ்பிஸுக்கா?" புருவம் உயர்ந்தது. மறுபடி கேட்டேன், தப்பாகப் பார்த்திருப்பேனோ என்ற நப்பாசையில். மறுபடியும் அதே பதில்.

"மூச்சு முட்டுற நேரத்துல அவளுக்கு என்ன மாப்ளே தெரியும்? நீங்கதானே முடிவு எடுக்கணும்!"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு நோய் செய்ததை எனக்குப் பயம் செய்தது. ஒரு குழாய் செருகினால் அவள் இன்னும் இரண்டு வருடம் என் வீட்டில் இருப்பாள். கண் திறந்து என்னைப் பார்ப்பாள். எனக்கு அது போதும். அவளுக்குப் போதாது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கனமான வார்த்தையை நான் தூக்கியதில்லை.

"லெஃப்ட்ல திருப்புங்க" என்றேன்.

ஸ்கூல்காரர் கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், திருப்பினார். நான் நர்ஸுக்குப் போன் பண்ணினேன். "ஏன் சார் இவ்வளவு லேட்டு?" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, "வாசல்ல நிக்கிறேன், வாங்க" என்றாள். நின்றாள். சளியை உறிஞ்சி எடுத்து, மூச்சுத் தவிப்பு தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்து, முக்கால் மணி நேரத்தில் அவள் முகம் பழைய முகமானது. டாக்டர் மறைக்கவில்லை. இந்தத் தடவை தப்பித்தாயிற்று, ஆனால் நெஞ்சுத் தசை களைத்துவிட்டது, நாட்களாக இருக்கலாம், சில வாரமாக இருக்கலாம் என்றார். குழாய் பற்றி அவளிடமே இன்னொரு தரம் கேட்டார். அவள் கண்ணை இறுக மூடினாள். "சரிம்மா. இனி யாரும் கேக்க மாட்டோம்" என்றார்.

வெளியே பெஞ்சில் மச்சான் நெற்றி வீங்கி உட்கார்ந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த பார்லர்க்காரம்மா அவருக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, "பெல்ட் போட்டிருக்கலாம்ல சார்?" என்று கேட்டார். மச்சான் கோபப்படவில்லை. "எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி மாப்ளே" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதார். அவரை இத்தனை நாள் நான் கேலி பண்ணினேனே தவிர, இரண்டு பேரும் ஒரே ஆசாமிகள்தான். அவர் கத்தினார், நான் உம் கொட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் மத்தியானம் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடம் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அது அவள் கேட்டது. யார் எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது உங்க அண்ணன் இல்ல. நான்" என்றேன்.

புருவத்தை உயர்த்தினாள். தெரியுமாம்.

"சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு, சாட்சிக் கையெழுத்தும் போட்டுட்டு, ஏமாத்தப் பார்த்தேன். நீ துணிஞ்சுட்ட. எனக்கு முடியலை. உன்னைப் போகவிட எனக்கு மனசே இல்லைடி."

அவள் பலகையைப் பார்த்தாள். எடுத்தேன். என் விரல் வரிசை தப்பித் தப்பிப் போனது. அவள் பொறுமையாக இருந்தாள். எ. பிறகு ன. பிறகு க, மறுபடி க. "எனக்கு" என்று படித்தேன். "எனக்குத் தண்ணியா? வலிக்குதா?" கண்ணை இறுக மூடினாள். அது இல்லை, இன்னும் எழுத்து இருக்கிறது என்று அர்த்தம். விரலை நகர்த்தினேன். ம. அதோடு நிறுத்திவிட்டாள்.

"எனக்கும்" என்று வாய்விட்டுப் படித்தேன்.

புருவம் உயர்ந்தது. அதற்குமேல் எழுத்து இல்லை.

குழாய் வேண்டாம் என்றதும் போகத் தயாராகிவிட்டாள் என்று நானே தீர்மானித்திருந்தேன். ஒன்றரை வருடமாக இந்த உலகமே வந்து தைரியசாலி, தைரியசாலி என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனது. போக மனசிருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருந்த நானும் கேட்கவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் வந்தது. அது நோய் கொடுத்த அழுகை இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். அவள் கன்னத்தில் என் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு பேர் கண்ணீரும் சேர்ந்து மாஸ்க் விளிம்பு நனைந்து வழுக்கி, காற்று கசிந்து, மிஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

நர்ஸ் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன சார், என்ன ஆச்சு?"

நான் மாஸ்க்கைத் துடைத்து மறுபடி மாட்டினேன்.

"ஒண்ணுமில்லை சிஸ்டர். பேசிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.